புது ஸ்மார்ட்வாட்ச் வந்தால் எல்லாம் தலைகீழாகிவிடுமா? டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த் பகுதியில் போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு செப்டம்பரிலும் ஆப்பிள் புது வாட்ச் அறிவித்த மறுநாளிலிருந்து இது ஆரம்பிக்கும். கடைக்கு வருகிறவர்கள், கோயிலில் பார்க்கிறவர்கள், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் என்று எல்லோரிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வரும். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். இதை எழுத எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு தரவில்லை.

தம்பி, ஸ்மார்ட்வாட்ச்னா என்ன? அந்தக் காலத்து டிஜிட்டல் வாட்ச்தானே, கொஞ்சம் பெருசா?

இல்லை. 1972-இல் பல்சர் என்ற பெயரில் வந்த முதல் டிஜிட்டல் கைக்கடிகாரம், பொத்தானை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் மணி காட்டும், அவ்வளவுதான். ஸ்மார்ட்வாட்ச் ஒரு குட்டிக் கணினி. அசைவை உணரும் சிப்பு நாம் நடக்கும் அடிகளை எண்ணும். அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு ஒன்று மின்னிக்கொண்டே இருக்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பதால், நாடி துடிக்கும் ஒவ்வொரு முறையும் திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் இதயத் துடிப்பைச் சொல்கிறது.

மெசேஜ், கால், வரைபடம் போன்ற மீதி வேலைகளில் பெரும்பாலானவை பாக்கெட்டில் இருக்கும் போனிலிருந்து புளூடூத் வழியாக வருபவை. இதை ஞாபகத்தில் வையுங்கள், கீழே பல பதில்கள் இதில்தான் போய் நிற்கும்.

இந்த வருஷம் வர்ற வாட்ச் டெக்னாலஜி உலகத்தையே புரட்டிப்போடும்னு யூட்யூப்ல சொல்றாங்களே, நிஜமா?

இல்லை என்பதுதான் என் பதில். ஒரு தொழிலை ஏதாவது புரட்டிப்போட்டால், அதில் ஏற்கெனவே சம்பாதித்துக்கொண்டிருந்தவர்கள் அலற வேண்டும். நம் ஊரிலேயே அதைப் பார்த்தோம். 2011 வாக்கில் பள்ளிக்கூடப் பிள்ளை கையிலிருந்து வக்கீல் கை வரை பிளாக்பெர்ரிதான், மாதம் ஒரே கட்டணத்தில் விடிய விடிய பிபிஎம் என்ற பிளாக்பெர்ரி மெசேஜ் அடித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களும் வாட்ஸ்அப்பும் வந்தன, சில வருஷத்தில் பிளாக்பெர்ரி தெருவிலிருந்தே காணாமல் போனது. எஸ்எம்எஸ்ஸில் வந்த காசு போகிறதே என்ற கவலை போன் கம்பெனிகளுக்கு வந்து, வாட்ஸ்அப் மாதிரி சேவைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்று 2016 ஜனவரியில் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணையே நடத்தியது.

அந்த அளவுக்கு ஒரு கடிகாரத்தைப் பார்த்து எந்தப் போன் கம்பெனி பயந்திருக்கிறது? வோடாகாமும் எம்டிஎன்னும் தங்கள் கடைக் கண்ணாடிப் பெட்டியிலேயே அதை வைத்து விற்கிறார்கள்.

இதுக்கு முன்னாடியும் இப்படித்தான் பெருசா சொன்னாங்களா?

ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். 2004-இல் மைக்ரோசாஃப்டின் ஸ்பாட் வாட்ச் கடைக்கு வந்தது, எஃப்எம் ரேடியோ அலை வழியாகச் செய்தியும் வானிலையும் கையில் வரும் என்றார்கள். வாட்ச் விற்பனை 2008-இல் நின்றது, சேவையும் 2011 முடிவோடு மூடப்பட்டது. 2012-இல் பெப்பிள் என்ற சின்னக் கம்பெனி கிக்ஸ்டார்ட்டர் என்ற பணம் திரட்டும் இணையதளத்தில் பொதுமக்களிடமே ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. நல்ல வாட்ச், சார்ஜ் ஒரு வாரம் நிற்கும். 2016-இல் அதன் மென்பொருளையும் ஆட்களையும் ஃபிட்பிட் வாங்கியது, 2021-இல் ஃபிட்பிட்டே கூகுள் கைக்குப் போய்விட்டது.

2015-இல் ஆப்பிள் முதல் வாட்சை விற்றபோது தங்கத்தில் ஒன்று செய்து 17,000 டாலர் வரை விலை வைத்தது. உள்ளே இருந்தது சாதாரண மாடலில் இருந்த அதே சிப்புதான். இன்று அதற்கு அப்டேட் கிடையாது, ஆனால் தங்கம் தங்கம்தான், உருக்கிக்கொள்ளலாம்.

ஆனா ஆப்பிள் வாட்ச் எங்க பார்த்தாலும் இருக்கே. அதைப் போய் தோல்வின்னு சொல்றீங்களா?

தோல்வி என்று நான் எங்கே சொன்னேன்? 2019-இல் ஆப்பிள் ஏறக்குறைய 3 கோடியே 10 லட்சம் வாட்ச் விற்றது என்றும், சுவிஸ் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்தே 2 கோடியே 10 லட்சம்தான் விற்றன என்றும் ஸ்ட்ராட்டஜி அனலிட்டிக்ஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டது. ஆனால் ஆப்பிளின் சொந்தக் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். 2024 நிதியாண்டில் மொத்த வருமானம் சுமார் 391 பில்லியன் டாலர், அதில் ஐபோன் மட்டும் 201. வாட்ச், காதில் மாட்டும் ஏர்பாட்ஸ், வீட்டுச் சாமான், மற்ற உதிரிகள் எல்லாம் சேர்த்து 37. அதுவும் 2022-இல் 41 ஆக இருந்து இறங்கி வந்த எண். உலக அளவிலும் 2024-இல் ஸ்மார்ட்வாட்ச் விற்பனை 7 சதவீதம் குறைந்தது, இப்படிக் குறைவது இதுவே முதல் முறை என்று கவுண்டர்பாயிண்ட் என்ற இன்னொரு ஆய்வு நிறுவனம் சொன்னது.

நன்றாக விற்கிற சாமான்தான். போனை வைத்திருப்பவரைப் போனோடு இன்னும் இறுக்கிக் கட்டிப்போடுகிற சாமான். அதுவே போனை ஒழிக்கும் என்று எதிர்பார்ப்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை.

அப்போ சுவிஸ் வாட்ச்காரங்க கதை முடிஞ்சுதா?

அவர்களை நிஜமாகவே அடித்துப் போட்டது ஸ்மார்ட்வாட்ச் இல்லை, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம். அந்த வகையில் முதலாவதான செய்க்கோ ஆஸ்ட்ரான் 1969 கிறிஸ்துமஸ் அன்று டோக்கியோவில் விற்பனைக்கு வந்தது. 1970-இல் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 80-களின் நடுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்.

இந்த முறை கதை வேறு. 2015-இல் 2 கோடியே 81 லட்சம் கடிகாரம் ஏற்றுமதி செய்த சுவிட்சர்லாந்து, 2023-இல் 1 கோடியே 69 லட்சம்தான் ஏற்றுமதி செய்தது. ஆனால் அதே 2023-இல் வந்த பணம் 26.7 பில்லியன் ஃபிராங்க், அதுவரை இல்லாத உச்சம். பணக்காரர் இன்னும் ரோலக்ஸ் வாங்குகிறார். அடிபட்டது பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கிற நடுத்தர விலைக் கடிகாரம்.

போனே இல்லாம வாட்ச் மட்டும் வெச்சு சமாளிக்க முடியுமா? சிம் போடற வாட்ச் இருக்காமே?

இருக்கிறது, வாட்சுக்குள்ளேயே பதித்த சிம், இசிம் என்பார்கள், இங்கே பெரிய நெட்வொர்க்குகளில் கிடைக்கும், மாதக் கட்டணம் தனி. ஆனால் ஆப்பிள் வாட்சைத் தொடங்கி வைக்கவே ஐபோன் வேண்டும். பேங்க் ஆப்பில் பணம் அனுப்பும்போது ‘ஒப்புதல் கொடு’ என்று வருவது போனில். படம் எடுக்க முடியாது, நாலு வரி டைப் அடிப்பதற்குள் பொறுமை போய்விடும். கம்பெனிகளுக்கே இது தெரியும், 2017-இல் கூகுள் மேப்ஸ், அமேசான், ஈபே மூன்றும் ஆப்பிள் வாட்சிலிருந்து சத்தமில்லாமல் தங்கள் ஆப்பை எடுத்துவிட்டன, அடுத்த வருஷம் இன்ஸ்டாகிராமும் எடுத்தது. கூகுள் மேப்ஸ் பிறகு திரும்பி வந்தது.

நம் ஊருக்கு இன்னொரு தொல்லை. 2023-இல் லோட்ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் டவர் பேட்டரியும் தீர்ந்து சிக்னலே இல்லாமல் உட்கார்ந்திருந்தோமே, அப்போது இசிம் வாட்சும் வெறும் மணி காட்டியாகத்தான் இருந்தது.

பேட்டரி ஏன் இன்னும் ஒரு நாளைக்கு மேல தாங்க மாட்டேங்குது?

இடம் இல்லை. போனில் 4,000–5,000 மில்லியாம்பியர் பேட்டரி வைக்கலாம், வாட்சில் பெரும்பாலும் 300 முதல் 600 வரைதான் வைக்க முடியும். ஆப்பிள் பல வருஷமாக 18 மணி நேரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது, ஜிபிஎஸ் இடைவிடாமல் ஓடினால் அதில் பாதிகூட வராது. காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டப் போட்டியில் ஓடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், பதினோராவது மணி நேரத்தில் கையில் கறுப்புத் திரை இருந்தால் யாருக்கு லாபம்? அதனால்தான் அவர்களில் பலர் கார்மின் கட்டுகிறார்கள். பல மாடல்களில் திரை பளபளக்காது, ஆனால் ஓட்டம் முடியும்வரை உயிரோடு இருக்கும். ஆப்பிள் 2022-இல் அல்ட்ரா மாடலை 36 மணி நேரக் கணக்கோடு கொண்டுவந்ததே இந்தக் கூட்டத்தைப் பிடிக்கத்தான்.

காவடிக்குக் கட்டிக்கிட்டுப் போகலாமா?

போகலாம். ஆனால் மஞ்சளும் சந்தனமும் வியர்வையும் கலந்து அடிப்பக்கத்தில் அப்பிக்கொண்டால் பச்சை விளக்கு உளறும். ‘இதயத் துடிப்பு அதிகம்’ என்று வாட்ச் அலறுவதைக் கேட்டு வீட்டார் பயப்படாமல் இருந்தால் சரி. தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும், கத்தியால் சுரண்டிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டாதீர்கள்.

எனக்கு சக்கரை இருக்கு. ஊசி குத்தாம சக்கரை பார்க்கற வாட்ச் வந்துருச்சே, ஆன்லைன்ல சில நூறு ராண்டுக்குப் போட்டிருக்கான்?

வாங்காதீர்கள். மற்ற கேள்விகளுக்கு எப்படி வேண்டுமானாலும் பதில் சொல்வேன், இதற்கு மட்டும் கண்டிப்பாகத்தான் சொல்வேன். தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் பொதுமக்களுக்கு எச்சரிக்கையே விட்டது. பெரிய கம்பெனிகள் வருஷக்கணக்காக இதற்குப் பின்னால் ஓடுகின்றன. இதயத் துடிப்பில் மொத்த ரத்தமும் அசைவதால் ஒளி பளிச்சென்று மாறும். சர்க்கரை அப்படியில்லை. ரத்தத்தில் அது மிகக் கொஞ்சம், தண்ணீர், கொழுப்பு, தோலின் சூடு எல்லாவற்றின் குறுக்கீட்டுக்கு நடுவே அதன் அடையாளத்தைப் பிரித்தெடுக்க வேண்டும்.

சில நூறு ராண்ட் வாட்ச் காட்டுகிற எண் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் எங்கிருந்தும் இல்லை. கடைக்கு வந்த அப்படிப்பட்ட ஒன்றைக் கழற்றி மேஜைத் துணியில் சுற்றி வைத்தேன், அதற்கும் ‘சர்க்கரை 5.6’ என்று காட்டியது. நம் சமூகத்தில் சர்க்கரை எவ்வளவு அதிகம் என்று உங்களுக்கே தெரியும், வீட்டுக்கு ஒருவர் இன்சுலின் போடுகிறார். துணிக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாத எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்றினால் ஆள் மயங்கி விழுவார்.

கையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொள்கிற லிப்ரே, டெக்ஸ்காம் போன்ற சென்சார்கள் வேறு. அவற்றில் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் இருக்கும், அளப்பது அதுதான். அந்த அளவு போன் வழியாக வாட்சில் தெரிந்தால், வாட்ச் வெறும் பலகை. அதற்கு டாக்டரிடம் பேசுங்கள்.

சரி, ஈசிஜி, பிரஷர் எல்லாம்? அதுவும் பொய்யா?

பொய் இல்லை, எல்லை உண்டு. 2018-இல் ஆப்பிள் வாட்ச் 4-இன் ஈசிஜிக்கு எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. அது ஒற்றைக் கோட்டு ஈசிஜி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பைப் பிடிக்கும், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. வாட்ச் எச்சரித்தது 0.52 சதவீதம் பேரைத்தான். அவர்களில் ஈசிஜி பட்டை ஒட்டித் திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்தால், 34 சதவீதம் பேருக்கு அந்தக் கோளாறு பட்டையிலும் தெரிந்தது. மீதிப் பேருக்கு அந்த நாட்களில் தெரியவில்லை, விட்டு விட்டு வருகிற நோய் என்பதும் காரணம்.

பிரஷருக்கு சாம்சங் வாட்சை 28 நாளுக்கு ஒருமுறை கைப்பட்டை மிஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். ஆப்பிள் 2025-இல் கொண்டுவந்தது எண்ணே காட்டாது, 30 நாள் பார்த்துவிட்டு ‘உங்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கலாம்’ என்று தட்டிச் சொல்லும். மார்வலி வந்தால் வாட்சைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஆயாவுக்கும் இதையே சொல்லி வையுங்கள்.

நம்ம தோல் கறுப்பு, இது சரியா வேலை செய்யாதுன்னு என் பொண்ணு சொல்றா.

பொண்ணு சும்மா சொல்லவில்லை. முதல் பதிலில் சொன்ன ஒளி விளையாட்டுதான், தோலில் நிறமி அதிகமானால் ஒளி வழியிலேயே தின்னப்படும். ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவியை வைத்து 2020-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. உண்மையிலேயே ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி ‘சரியாக இருக்கிறது’ என்று காட்டிய சம்பவங்கள், வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆஸ்பத்திரிக் கருவிக்கே அப்படி. துடிப்பு எண்ணுவது அதைவிடச் சுலபமான வேலை, நம் தோலில் பெரும்பாலும் ஒழுங்காகவே வரும். மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தால் அதுவும் தடுமாறும்.

அப்போ இந்த வாட்சால யாருக்குத்தான் அடி?

நாடாளுமன்றத்துக்கு ஓடியவர்களைப் பற்றிச் சொன்னேனே, அதே மாதிரி யார் கோர்ட்டுக்கு ஓடினார்கள் என்று பாருங்கள். ஆப்பிள் வாட்சை அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்யவே தடை வாங்கியது எந்தப் போன் கம்பெனியும் இல்லை, மாசிமோ என்ற மருத்துவக் கருவிக் கம்பெனி. ஆக்சிஜன் அளக்கிற தங்கள் காப்புரிமையை மீறிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டு 2023 டிசம்பரில் தடை நடப்புக்கு வந்தது. 2024 ஜனவரியில் ஆப்பிள் அந்த வசதியை எடுத்துவிட்டு அங்கே விற்றது, 2025 ஆகஸ்டில் வேறு மாதிரி மாற்றித் திரும்பக் கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவிலிருந்து மாமா வாங்கி வந்த வாட்சில் ஆக்சிஜன் வேலை செய்யவில்லை என்றால் பழுது என்று என்னிடம் கொண்டுவர வேண்டாம், அப்டேட் போட்டுப் பாருங்கள்.

மெடிக்கல் எய்ட்காரங்க வாட்சை ஓசியில தர்றாங்களே, அவங்களுக்கு என்ன ஆதாயம்?

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. மெடிக்கல் எய்ட் என்றால் நம் ஊர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். அவர்கள் தருவது முழு ஓசி இல்லை. டிஸ்கவரி என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வைட்டாலிட்டி என்ற உடல்நலச் சலுகைத் திட்டத்தில் தவணையில் வாட்ச் எடுக்கிறீர்கள், வாரா வாரம் உடற்பயிற்சி இலக்கை எட்டினால் மாதத் தவணை குறைந்துகொண்டே போய் ஒன்றுமில்லாமலும் ஆகும், சோபாவில் படுத்துவிட்டால் காசு கட்ட வேண்டும். சும்மா பரிசு தருவதைவிட, கையில் இருப்பதற்கு அபராதம் என்ற பயம் ஆளை நன்றாக எழுப்புகிறது. தென்னாப்பிரிக்கா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ராண்ட் யூரோப் என்ற ஆய்வு நிறுவனம் ஆய்வு செய்து 2018-இல் வெளியிட்டது. இந்த வாட்ச் திட்டத்தில் சேர்ந்தவர்கள், வாட்ச் இல்லாமல் அதே வைட்டாலிட்டியில் இருந்தவர்களைவிட 34 சதவீதம் கூடுதலாக அசைந்தார்கள், மாதத்துக்கு ஏறக்குறைய 4.8 நாள் கூடுதல்.

யூட்யூப்காரர்கள் சிப்பையும் திரையையும் பற்றியே பேசுகிறார்கள். மாற்றம் நடப்பது இன்ஷூரன்ஸ் ஆபீசில், அதற்கு நம் நாடு உலகத்துக்கே முன்னால் நிற்கிறது. ஜோஹன்னஸ்பர்கில் தொடங்கிய ஒரு திட்டம் வெளிநாட்டு இன்ஷூரன்ஸ்காரர்கள் வரை போயிருக்கிறது.

அப்போ நான் நடக்கலைன்னா பிரீமியத்தை ஏத்திடுவாங்களா?

மெடிக்கல் எய்டில் முடியாது. 1998-இன் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டப்படி ஒரே பிளானில் இருக்கிறவர்களுக்கு உடல்நிலையைப் பார்த்துத் தனித்தனிக் கட்டணம் போடக்கூடாது. அதனால்தான் வைட்டாலிட்டி மெடிக்கல் எய்டுக்கு வெளியே தனிப் பொருளாக நிற்கிறது. லைஃப் கவர் என்ற ஆயுள் காப்பீடு வேறு, அங்கே ஆளைப் பார்த்து விலை போடலாம், நடக்கிறவருக்குச் சலுகை என்றால் நடக்காதவருக்கு அதுவே கூடுதல் விலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் உடல் தகவலைப் போபியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சிறப்புப் பாதுகாப்பில் வைத்திருக்கிறது, ஆனால் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்தியது நீங்கள்தான். அழுத்துவதற்கு முன் எந்தத் தகவல் யாருக்குப் போகிறது என்ற பக்கத்தை மட்டுமாவது படியுங்கள்.

 

ஒரு சின்ன கம்பெனி நல்லதா, மலிவா ஒண்ணு செஞ்சா இவங்களை ஜெயிக்கலாமே?

பெப்பிள் கதையை மேலே சொன்னேன். வாட்ச் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போனின் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும், வாசலுக்குச் சொந்தக்காரர் ஆப்பிளும் கூகுளும். ஐபோனில் ஆப்பிள் வாட்ச் கட்டியிருந்தால் ஐமெசேஜுக்குக் கையிலிருந்தே பதில் அனுப்பலாம், வேறு கம்பெனி வாட்சில் பார்க்க மட்டும்தான் முடியும். 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள் மீது போட்ட ஏகபோக வழக்கில் வாட்சும் ஒரு குற்றச்சாட்டு. விலை குறைந்த சீன வாட்சுகள் நம் கடைகளில் நன்றாகவே போகின்றன, ஆனால் அவை போட்டியிடுவது விலையில், வாசல் அப்படியேதான் இருக்கிறது.

ஏஐ வந்துருச்சே அண்ணா. வாட்ச்கிட்ட பேசினாலே எல்லா வேலையும் நடந்துடாதா?

அதைத்தான் 2024-இல் ஹ்யூமேன் கம்பெனியின் ஏஐ பின் சொன்னது. சட்டையில் குத்திக்கொள், பேசு, போன் வேண்டாம் என்று 699 டாலருக்கு விற்றார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2025 பிப்ரவரியில் எச்பி 116 மில்லியன் டாலருக்கு அதன் சொத்தை வாங்க, சர்வரை மூடிவிட்டார்கள், வாங்கியவர் கையில் வெறும் டப்பாதான் மிஞ்சியது. பேச்சு எல்லா இடத்துக்கும் ஆகாது. டவுனுக்குப் போகிற மினிபஸ் டாக்சியில் பாட்டு அலறும்போது, பக்கத்தில் பதினாலு பேர் இருக்க, உங்கள் பேங்க் பாக்கியைக் கையிடம் சத்தமாகக் கேட்பீர்களா?

சரி, என்ன வந்தா நீங்க ‘ஆமா, புரட்டிப்போட்டுது’ன்னு ஒத்துக்குவீங்க?

ஊசி இல்லாமல் சர்க்கரை அளக்கிற வாட்சுக்கு எஃப்டிஏ மாதிரி ஓர் அமைப்பு அனுமதி கொடுத்தால், அன்றைக்கே. அது வந்தால் சோதனைப் பட்டை விற்கிறவர்கள், சென்சார் விற்கிறவர்கள் எல்லோரும் ஆட்டம் காண்பார்கள், டர்பனில் பாதி வீட்டில் காலைப் பழக்கமே மாறும். அப்போதும் அடிபடுவது மருந்துக் கம்பெனிப் பக்கம்தான், போன் பக்கம் இல்லை. போன் பக்கம் அசைய வேண்டுமென்றால், போனே வைத்திராத ஒருவர் கடையில் வாட்சை வாங்கி அங்கேயே தொடங்கி, ஒரு வாரம் சார்ஜ் போடாமல் வாட்ஸ்அப்பும் பேங்க்கும் அதிலேயே முடிக்க வேண்டும். அப்படி ஒன்று வந்தால் நான் போன் கண்ணாடி மாற்றும் விலையைப் பாதியாகக் குறைத்திருப்பேன். போர்டில் விலை இன்னும் பழையதுதான்.